கிராம் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும்

சென்னையில் புது ரோடு பைக்கோடு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆருக்கு வருபவருக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குழுவில் மூத்தவர் ஒருவர் வண்டியின் மேல்குழாயை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "ஒம்பதரை கிலோ இருக்கும் போலயே. சக்கரத்த மாத்திடுங்க சார், அப்பறம் பாருங்க, சும்மா பறக்கும்." அடுத்த வாரம் கடைக்காரரும் அதையே சொல்வார். கடைக்காரருக்காவது அதில் வருமானம் இருக்கிறது. மூத்தவர் எந்த லாபமும் இல்லாமல், முழு நம்பிக்கையோடு சொல்கிறார். சிக்கலே அந்த நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று படிகள் தெரியும். வண்டியின் எடைதான் வேகத்துக்கு முதல் எதிரி. எடையைக் குறைக்க வேண்டுமானால் பணம் செலவழிக்க வேண்டும். ஆகவே செலவழிக்கிறவன் வேகமாகப் போவான். மூன்றாவது படியைச் சிரித்துக்கொண்டே மறுப்பவர்கள்கூட முதல் படியைச் சந்தேகிப்பதில்லை. நான் மறுக்க வருவது அந்த முதல் படியைத்தான். சமதளத்தில் அது ஏறக்குறைய முழுப்பொய். மலையில் கால்வாசி உண்மை. நம்முடைய ரோடுகளில் அது ஆளை நடுவழியில் நிறுத்தும் அறிவுரை.

சமதளத்திலிருந்து தொடங்கலாம். சைக்கிள் பந்தயங்களில் மிக எளிமையான பரீட்சை ஒரு மணி நேரச் சாதனை. வட்டத் தடத்தில் தனி ஆளாக அறுபது நிமிடம் ஓட்டி எவ்வளவு தூரம் போகிறார் என்பதே கணக்கு. 1972-ல் எடி மெர்க்ஸ் மெக்ஸிகோ சிட்டியில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அவருடைய வண்டி ஆறு கிலோவுக்கும் குறைவு. செயினில்கூடத் துளை போட்டு எடையைச் சுரண்டியிருந்தார்கள். 1984 ஜனவரியில் அதே ஊரில் பிரான்செஸ்கோ மோசர் 51.151 கிலோமீட்டர் போனார். அவர் ஏறியது காற்றைக் கிழிப்பதற்காகச் செய்த, தட்டுபோல மூடிய சக்கரங்கள் பூட்டிய வண்டி. மெர்க்ஸின் வண்டியைவிடக் கனமானது. மோசரின் வெற்றியில் வண்டிக்கு மட்டும் பங்கில்லை என்பதும் உண்மை. அன்றைக்குத் தடைசெய்யப்படாத இரத்தமேற்றலைச் செய்துகொண்டதாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதைத் தள்ளிவிட்டு இன்றைக்கே வருவோம். 2000-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று விதித்தது. அந்த விதிக்கு உட்பட்ட வண்டியில்தான் பிலிப்போ கன்னா 2022 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஹெனில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். ஐம்பது ஆண்டுகளில் சாதனை ஏழு கிலோமீட்டருக்கும் மேல் கூடியது, வண்டியோ லேசாகவில்லை, கனத்தது.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல். சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது புவியீர்ப்பை எதிர்த்து நாம் எதையும் தூக்குவதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் நம் கால்கள் கொடுக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் காற்று தின்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி டயருக்குப் போகிறது. அந்த வேகத்தில் வண்டியிலிருந்து ஒரு முழுக் கிலோவைக் கழற்றி எறிந்தால் மிச்சமாவது அரை வாட்டுக்கும் குறைவு. அதே ஆள் முழங்கையை மடக்கி, தோளை இறக்கி, காற்றில் படபடக்கும் தொளதொள சட்டைக்குப் பதில் உடம்போடு ஒட்டிய ஜெர்சி போட்டுக்கொண்டால் பத்துப் பதினைந்து வாட் மிச்சம். காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓட்டுகிற உடம்பினுடையது, வண்டியினுடையது அல்ல. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் சொல்லும்படியான ஏற்றம் ஒன்றுகூட இல்லாத ஒரு சாலையில், எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம் என்பதே வேடிக்கைதான்.

"அதெல்லாம் சரி, மலைக்கு வாங்க" என்பார்கள். வருகிறேன். பத்துக் கிலோமீட்டர் நீளம், சராசரி ஆறு சதவீதச் சரிவு, மொத்தம் 600 மீட்டர் ஏற்றம் என்று ஒரு மலைப்பாதையை வைத்துக்கொள்வோம். ஆள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ. நன்றாகப் பழகியவர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய 200 வாட் சக்தி. புவியீர்ப்பை வெல்ல மட்டும் அவருக்கு ஏறக்குறைய 42 நிமிடம் ஆகும். வண்டியில் ஒரு கிலோ குறைத்தால் அதில் அரை நிமிடம் குறையும். நூறு கிராமுக்கு மூன்று நொடி. முப்பது கிராம் மிச்சப்படுத்தும் கார்பன் பாட்டில் கூட்டுக்கு ஒரு நொடிகூடத் தேறாது. அந்தக் கூட்டுக்குள் நாம் செருகுவது முக்கால் லிட்டர் தண்ணீர். சித்திரை வெயிலில் அது இரண்டு பாட்டிலாகவும் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

அரை நிமிடம் என்பது பந்தயக்காரருக்குப் பெரிய விஷயம். மலையேற்றப் போட்டியில் பதக்கத்துக்கு ஓட்டுகிறவர் கிராமை எண்ணட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு ஏலகிரி ஏறி மேலே இட்லி சாப்பிட்டுவிட்டு இறங்குகிறவரிடம், அந்த அரை நிமிடத்துக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடு என்று சொல்வது நியாயமா?

இங்கே அவர்களுடைய இரண்டாவது அஸ்திரம் வரும். "சுத்துற வெயிட்டு டபுள் சார். சக்கரத்துல குறைக்கிற ஒரு கிராம் ஃபிரேம்ல ரெண்டு கிராமுக்குச் சமம்." பாதி உண்மை எப்போதுமே முழுப்பொய்யைவிட நீண்ட நாள் வாழும். ரிம்மின் விளிம்பில் இருக்கும் எடையை வேகப்படுத்த இரட்டிப்பு ஆற்றல் தேவை என்பது சரி. ஆனால் அது வேகம் கூடும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். சீராக ஓடும்போது அந்த இரட்டிப்பு கிடையாது. மலையேறும்போதும் சக்கரத்தின் எடை ஒரு மடங்குதான். வேகப்படுத்தும்போதாவது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ரிம்மில் 400 கிராம் குறைத்த சக்கரங்களை நின்ற இடத்திலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கொண்டுவரும்போது மிச்சமாகும் ஆற்றல் சுமார் 28 ஜூல். அதே வேகத்துக்கு ஆளையும் வண்டியையும் கொண்டுவர ஆவது ஏறக்குறைய மூவாயிரம் ஜூல். இருநூறு வாட்டில் அந்த மிச்சம் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. சிக்னலுக்குச் சிக்னல் அதைச் சேமித்து வைத்தாலும் ஒரு டீ குடிக்கும் நேரம் சேர வருடங்கள் ஆகும்.

எடைக்குக் கொடுக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்கை டயருக்குக் கொடுத்திருந்தால் நம் குழுக்கள் எவ்வளவோ முன்னேறியிருக்கும். ரப்பர் நசுங்கி விரியும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. தடித்த, விறைப்பான மலிவு டயருக்கும் மெல்லிய, வளைந்து கொடுக்கும் நல்ல டயருக்கும் இந்த இழப்பில் வித்தியாசம், மணிக்கு 30 கிலோமீட்டரில் சுமார் 14 வாட் வரை இருக்கலாம். அதே டயரை முன்பு சொன்ன மலைக்குக் கொண்டுபோனால் எண்பது நொடி மிச்சம். எடைக் கணக்கில் சொன்னால், கிட்டத்தட்ட மூன்று கிலோ குறைத்ததற்குச் சமம். எடைக்காரர்களின் சொந்த மைதானமான மலையிலேயே இரண்டு டயர் அவர்களுடைய சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துத் தோற்கடிக்கிறது. விலையோ அந்தச் சக்கரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

டயரைப் பற்றிப் பேசினாலோ, உடனே அங்கும் ஒரு மூடநம்பிக்கை தயாராக நிற்கும். டயர் ஒல்லியாக இருக்க வேண்டும், காற்று கல்லுமாதிரி இருக்க வேண்டும். 23 மில்லிமீட்டர், 120 பி.எஸ்.ஐ. கட்டைவிரலால் அழுத்தினால் விரல்தான் வலிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வழவழப்பான இரும்பு உருளைமேல் ஓட்டிப் பார்த்தால் காற்று கூடக்கூட இந்த இழப்பு குறைவது உண்மை. உருளையில் குண்டும் குழியும் இல்லை, மேலே மனிதனும் இல்லை. ரோட்டில் ஒரு அளவுக்கு மேல் காற்றடித்தால் டயர் மேடுபள்ளத்தை விழுங்காமல் ஆளையும் வண்டியையும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. முன்னே போக வேண்டிய ஆற்றல் தொடையிலும் முதுகிலும் குலுக்கலாகக் கரைகிறது. சராசரி எடையுள்ள ஒருவர் 28 மில்லிமீட்டர் டயரில் 70 பி.எஸ்.ஐ. அளவில் ஓட்டினால் வேகமாகவும் போவார், இறங்கும்போது கைவிரல் மரத்தும் போகாது. ஒல்லி டயரின் அதிர்வை உடம்பு வேகம் என்று நினைத்துக்கொள்கிறது. கடிகாரம் அப்படி நினைப்பதில்லை.

வரலாறும் இந்தப் பக்கம்தான். 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தபோது அவர் தேடியது மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட ஒரு வழி. மறு ஆண்டே அதே ஊரில் வில்லி ஹ்யூம் அந்த டயரில் ஏறி, திடரப்பர் சக்கரக்காரர்களைப் பந்தயத்தில் தோற்கடித்தார். குலுக்கலைக் குறைத்ததே வேகத்தைக் கொண்டுவந்தது என்பது நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன வழக்கு. நாம்தான் அதை மறுபடி மறுபடி திறக்கிறோம்.

அடுத்தது கியர். பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான காசெட் சிறியதாக இருந்தால் ஆம்பளைத்தனம், பெரியதாக இருந்தால் பலவீனம் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. பெரிய காசெட் நூறு கிராம் அளவுக்குக் கனம் என்பது அதற்குக் கூடுதல் சாட்சி. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இந்தச் சட்டம் என்ன செய்கிறது என்று கணக்குப் போடலாம். முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல் 28. பத்து சதவீதச் சரிவில் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிக்க வேண்டுமானால் நம்முடைய 85 கிலோவுக்கு சுமார் 225 வாட் வேண்டும். அது இல்லாதவருக்கு மிதி நாற்பது சுற்றுக்கு இறங்கும். முழங்கால் முறுக்கும், கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். பின்னால் 34 பல் இருந்தால் அதே அறுபது சுற்றுக்கு 185 வாட் போதும். நூறு கிராம் கூட்டியதால் மலை ஏறிவிட்டார். எடையே எதிரி என்ற சித்தாந்தத்துக்குள் இந்த விஷயத்துக்கு இடமே இல்லை. சித்தாந்தம் சரியாக இருந்தால், கனத்த வண்டிக்காரர் எப்படி முன்னால் போவார்?

இதுவரை நொடிகளைப் பற்றிப் பேசினோம். நம் ரோட்டில் நேரம் தொலைவது நொடியாக அல்ல, மணிக்கணக்காக. லாரி டயர் வெடித்து உதிர்ந்த மயிரிழை இரும்புக் கம்பி, உடைந்த பாட்டில் சில்லு, சீமைக்கருவேல முள், வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடை, மூடி இறங்கிப்போன சாக்கடை, கடலோரச் சாலையில் வளைவில் படிந்த மணல். இவற்றில் ஒன்றாவது இல்லாத நீண்ட சவாரி அபூர்வம். எடைக் கலாச்சாரம் இந்த ஆபத்துகளுக்கு நம்மைத் தயார்படுத்துவதில்லை. தயாரிப்பையே எடை என்று சொல்லிக் கழற்றிவிடுகிறது.

ஸ்பேர் டியூப் நூறு கிராம், எதற்கு இரண்டு? பம்ப் இன்னொரு நூறு கிராம், பதிலாக ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு குப்பி போதுமே. முதல் பஞ்சரில் குப்பி தீரும். கம்பி டயருக்குள்ளேயே குத்திக்கொண்டிருக்கிறதா என்று உள்பக்கம் விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டியவருக்கு இரண்டாவது பஞ்சர் ஐந்து கிலோமீட்டருக்குள் வரும். அப்போது பக்கத்து ஊர்ப் பஞ்சர் கடைக்கு நடக்க வேண்டும். அங்கே போனால் கம்ப்ரெஸர் வாய் நம்முடைய மெல்லிய பிரஸ்டா வால்வுக்குப் பொருந்தாது. சுண்டுவிரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்திருந்தால் பொருந்தியிருக்கும். ஒல்லி டயர்க்காரருக்கு இன்னொரு பரிசும் உண்டு. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும்.

கியர் மாற்றும் பின்பக்க டீரெயிலரை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்படுகிறது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் ஃபிரேம் தப்ப வேண்டும், அது வளைய வேண்டும். வளைந்ததைக் கவனிக்காமல் மேட்டில் கடைசிக் கியருக்கு மாற்றினால் டீரெயிலர் ஸ்போக்ஸுக்குள் போய் மாட்டும். சவாரி அத்தோடு முடிந்தது. மாற்று ஹேங்கர் ஒன்றின் எடை ஒரு பிஸ்கட் அளவுதான். லட்ச ரூபாய் சக்கரம் பூட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் பையில் வைத்திருக்கிறார்கள்?

செயினுக்கும் இதே கதி. உப்புக்காற்றிலும் புழுதியிலும் ஓடிய அழுக்குச் செயின் பல வாட்டுகளைத் தின்னும். நேரத்தில் மாற்றாத செயின் காசெட்டின் பல்லையும் சேர்த்துத் தின்னும். அதைத் துடைத்து எண்ணெய் விடக் கால் மணி நேரம் போதும். ஆனால் ஒன்றிரண்டு வாட் மிச்சப்படுத்தும் செராமிக் பேரிங் வாங்கிப் பூட்டிவிட்டு, கரிப்பிடித்த செயினோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடி.

பந்தய வரலாற்றில் பெரிய நேர இழப்புகள் எங்கே நேர்ந்தன என்று பாருங்கள். 1913 டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்டோஃப் டுர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன்ஃபோர்க் முறிந்தது. வண்டியைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, கீழே ஒரு கொல்லன் பட்டறையில் தானே அடித்துச் சரிசெய்தார். வெளியார் உதவி கூடாது என்பது விதி. துருத்தி ஊதிய சிறுவனுக்காக அபராதமும் விழுந்தது. வெற்றி வாய்ப்பு அந்தப் பட்டறையிலேயே போனது. மாறாக 1891-ல் முதல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில், ஏறக்குறைய 1200 கிலோமீட்டரை 71 மணி நேரச் சொச்சத்தில் ஓட்டி சார்லஸ் டெரோன் வென்றது மிஷெலினின் கழற்றி மாட்டக்கூடிய புது டயரில். அன்றைய மற்ற காற்று டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தன, பஞ்சரானால் பிரித்து ஒட்ட நேரம் பிடிக்கும். டெரோனுக்கும் பஞ்சர் ஆனது. சீக்கிரம் சரிசெய்ய முடிந்தது.

இன்றும் நெடுந்தூரப் பிரெவே சவாரிகளில் 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட ஆகாது. அந்த வேகத்தில் ஒருவர் நேரத்தைத் தவறவிடுகிறார் என்றால் வண்டியில் முந்நூறு கிராம் கூடுதலாக இருந்ததால் அல்ல. உட்கார முடியாத சீட், மரத்த கை, சிறிய காசெட், ஒட்டத் தெரியாத பஞ்சர், வெறும் வயிறு ஆகியவைதான் காரணம்.

எதிர்வாதங்களில் வலுவானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். "நீங்க என்ன சொன்னாலும் டூர் டி பிரான்ஸ்காரன் லேசான வண்டிதான் ஓட்டுறான்." ஓட்டினான். 6.8 கிலோ என்ற எல்லையைத் தொழில்நுட்பம் எளிதாகத் தொட்ட பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். காற்றைப் பிளக்கும் தடித்த குழாய்களுக்கு எடையைக் கொடுத்தார்கள். 2018-ல் சாலைப் பந்தயங்களில் முழு அனுமதி பெற்ற டிஸ்க் பிரேக்குக்கு எடையைக் கொடுத்தார்கள். 23 மில்லிமீட்டர் டயர் 25 ஆகி, இன்று 28 சாதாரணமாகிவிட்டது. பாரிஸ்-ரூபே கருங்கல் பாதையில் முப்பதுக்கும் மேல் போகிறார்கள். விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச எடையைவிடக் கனமான வண்டியைத் தெரிந்தே ஓட்டுகிற பந்தயக்காரர்கள் இன்று நிறைய. நாம் நகலெடுத்துக்கொண்டிருப்பது அவர்களே கைவிட்ட பாடத்தை.

"புது வண்டி வாங்கினா ஓட்டணும்னு ஆசை வருதுல்ல?" என்பது இன்னொரு வாதம். வருகிறது. அந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். கரும்பளபளப்பான கார்பன் ரிம்மைத் துடைத்து வைத்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதற்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். சந்தோஷத்துக்கு வாங்கியதை வேகத்துக்கு வாங்கியதாகச் சொல்லிப் புதியவர் தலையில் கட்டுவதுதான் தவறு. முப்பதாயிரம் ரூபாய் வண்டியோடு வந்த கல்லூரிப் பையன், தான் பின்தங்குவது வண்டியால்தான் என்று நம்பத் தொடங்குகிறான். சக்கரத்துக்குக் காசு சேரும்வரை ஓட்டுவதைத் தள்ளிப்போடுகிறான், அல்லது விட்டேவிடுகிறான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு ஜோடி டயரும், சீட்டின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு அல்லன் கீயும், பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுக்க ஒரு மூத்தவரும்.

ஆகவே மூத்தவர்களுக்கு என் வேண்டுகோள் இது. புதிதாக வருபவரின் வண்டியைத் தூக்கிப் பார்க்காதீர்கள், டயரை அழுத்திப் பாருங்கள். செலவுக்கு வரிசை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: முதலில் உடம்புக்கேற்ற சீட்டும் ஹேண்டில்பார் உயரமும், பிறகு 28-க்குக் குறையாத நல்ல டயர், அதன் பிறகு மலைக்குப் போவதாக இருந்தால் பெரிய காசெட், எப்போதும் பையில் இரண்டு டியூப், பம்ப், டயர் லீவர், ஹேங்கர், வால்வு அடாப்டர், மாதம் தவறாமல் செயினுக்குத் துணியும் எண்ணெயும். இவ்வளவும் செய்த பிறகு பணம் மிஞ்சினால் கார்பன் சக்கரம் வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். யாராவது கேட்டால் அழகாக இருந்தது, வாங்கினேன் என்று சொல்லிவிடுங்கள். அதை மறுத்து நான் ஒரு வரிகூட எழுதமாட்டேன்.